கடைசி வருடக் கலெக்‌ஷன்: மதுரைப் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காஸ்ட்யூம் டிசைன் அண்ட் ஃபேஷன் படித்து முடித்துவிட்டு, இப்போது தெப்பக்குளம் பக்கத்தில் நான்கு மெஷின் போட்டுச் சின்னதாகத் தையலகம் நடத்துகிறேன். ஐப்பசி பிறந்துவிட்டால் சுற்றுவட்டாரக் கல்லூரிகளிலிருந்து கடைசி வருடப் பிள்ளைகள் ஸ்கெட்ச் புத்தகத்தோடு வர ஆரம்பித்துவிடுவார்கள். கடைசி வருடத்தில் தாங்களே டிசைன் செய்த உடைகளின் தொகுப்பை ஜூரி என்ற நடுவர்களிடம் காட்டி, ஃபேஷன் ஷோவில் மேடையேற்ற வேண்டும். கேள்விகள் பெரும்பாலும் அதே கேள்விகள்தான். வாயால் சொல்லிச் சொல்லிப் பழகியதை இங்கே எழுதி வைக்கிறேன். எத்தனை உடை, என்ன தேதி என்பதெல்லாம் கல்லூரிக்குக் கல்லூரி மாறும்; அதை உங்கள் துறையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கலெக்‌ஷன் என்றால் என்ன? நல்லதாக ஆறு டிரஸ் தைத்தால் போதாதா?

போதாது. ஆறு நல்ல டிரஸ் ஜவுளிக்கடை பொம்மைகளிலும்தான் இருக்கிறது. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளைப் பாருங்கள்: ஒருத்தி உயரம், ஒருத்தி குட்டை, ஒருத்தி மாநிறம், ஆனால் சேர்ந்து நின்றால் சாயல் தெரிந்துவிடும். ஆறு உடைகளுக்கும் அந்தச் சாயல் வேண்டும். அது ஒரு வெட்டாக இருக்கலாம், ஒரு முடிச்சாக இருக்கலாம், துணி விழும் விதமாகவும் இருக்கலாம். நிறத்தை மட்டும் ஒன்றாக்கிவிட்டுக் கலெக்‌ஷன் என்று சொல்வது பிறந்தநாள் விழாவுக்கு யூனிஃபார்ம் எடுத்த மாதிரி ஆகிவிடும்.

ஆறு படத்தையும் பென்சிலில், வண்ணம் தீட்டாமல், ஒரே தாளில் வரிசையாக வரைந்து பாருங்கள். நிறம் இல்லாமலே சாயல் தெரிகிறதா? தெரிந்தால் மேலே போகலாம்.

தீம் கிடைக்கவில்லை அக்கா. மீனாட்சி அம்மன் கோவிலை எடுக்கலாமா?

எடுக்கலாம். ஆனால் நான் பார்த்தவரை கோவிலை எடுப்பவர்களில் பாதிப் பேர் கோபுரத்தைத் துணியில் பிரிண்ட் போட்டு முடித்துவிடுகிறார்கள். கோபுரத்தை நம் ஊரில் யாரும் புதிதாகப் பார்க்கப் போவதில்லை. கோவிலைச் சுற்றி நடங்கள், கையில் எட்டும் அளவுக்கு ஒன்றை எடுங்கள்.

சித்திரைத் திருவிழாவையே எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தையும் தேரையும் விட்டுவிட்டு, அழகருக்குத் தண்ணீர் பீய்ச்ச நேர்ந்துகொண்டவர்களின் உடையை மட்டும் பாருங்கள். தலைப்பாகை, சல்லடம், தோளில் ஆட்டுத்தோல் பை. சல்லடத்தின் வெட்டு அபாரமானது. ஓடவும் ஆடவும் ஆற்று மணலில் உட்காரவும் தோதாக இடுப்பில் அகன்று முழங்காலில் முடியும். இன்றைக்கு ஒரு பெண் பைக் ஓட்டிக்கொண்டு வேலைக்குப் போகும் கால்சட்டைக்கு அதைவிட நல்ல தொடக்கம் எங்கே கிடைக்கும்? தண்ணீர்ப் பையின் கழுத்தை இறுக்கிக் கட்டும் விதம் ஒரு கைச்சுருக்கமாக மாறலாம். ஒரு கலெக்‌ஷனுக்கு இதுவே தாராளம்.

இன்னொன்று. 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி மதுரையில்தான் நீள உடையை விட்டு அரையாடைக்கு மாறினார். மேல மாசி வீதியில் ஒரு வீட்டில் தங்கியிருந்தார். கதர் வாங்கக்கூட வசதியில்லாத ஏழைகளைப் பார்த்து எடுத்த முடிவு அது. அந்தக் கோலத்தில் முதலில் மக்கள் முன் வந்த இடம் இன்றும் காந்தி பொட்டல் என்று வழங்குகிறது. ஃபேஷன் படிக்கிற நாம் தினமும் அந்த வழியாக டவுன் பஸ்ஸில் போகிறோம். உடை பற்றி இந்த நாட்டில் எடுக்கப்பட்ட மிகப் பெரிய முடிவு நம் தெருவில் எடுக்கப்பட்டது என்று எனக்குப் படிக்கும்போது ஒருவரும் சொல்லவில்லை. இதைத் தீமாக எடுத்தால் காந்தி படத்தைச் சட்டையில் போடாதீர்கள். எவ்வளவு குறைந்த துணியில், துண்டு மிச்சமே இல்லாமல், ஓர் உடையை வெட்ட முடியும் என்று முயலுங்கள். சேலையும் வேட்டியும் கத்தரி படாத உடைகள், ஓர் அங்குலம்கூட வீணாவதில்லை. அந்த எண்ணத்தை ஒரு ஜாக்கெட்டுக்குள் கொண்டுவருவது ஆறு மாத வேலை. தமுக்கத்தில் காந்தி அருங்காட்சியகத்துக்குப் போய், அவர் சுடப்பட்டபோது உடுத்தியிருந்த துணியின் முன்னால் பத்து நிமிடம் நின்றுவிட்டு வாருங்கள். அப்புறம் வரைய உட்காருங்கள்.

கீழடியும் பக்கம்தான். 2023இல் திறந்த அருங்காட்சியகத்தில் சுடுமண் தக்களிகளைப் பார்க்கலாம். நூல் நூற்கும் கையின் சுழற்சியை உடையின் வடிவமாக்க முடியுமா என்று யோசிப்பது, பானைக் கீறல்களைப் பிரிண்ட் போடுவதைவிட நல்ல வழி.

சுங்குடி எடுத்தால் "பாட்டி சேலை" என்று சொல்லிவிட மாட்டார்களா?

சுங்குடியைச் சரியாகப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். இந்தக் கேள்விக்கு மட்டும் நீளமாகப் பதில் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மதுரைச் சுங்குடிக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இது சௌராஷ்டிர மக்கள் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வந்த வேலை. பருத்தித் துணியில் புள்ளி குறித்து, ஒவ்வொரு புள்ளியிலும் துணியை நகத்தால் கிள்ளி எடுத்து நூலால் இறுக்கிச் சுற்றுவார்கள். பிறகு சாயத்தில் முக்குவார்கள். நூல் சுற்றிய இடத்தில் சாயம் ஏறாது. காய்ந்ததும் நூலை எடுத்தால் அந்த இடம் புள்ளியாக நிற்கும். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான முடிச்சு. பெரும்பாலும் வீட்டில் இருக்கும் பெண்கள் சமையலுக்கும் பிள்ளைகளுக்கும் நடுவே போடும் முடிச்சுகள் அவை.

கடையில் சுங்குடி என்று விற்பதில் பெரும்பகுதி இப்போது பிரிண்ட். அதில் தவறில்லை, விலை குறைவு, நம் வெயிலுக்கு நல்ல துணி. ஆனால் நீங்கள் ஜூரி முன் கைமுடிச்சு என்று சொல்லப்போகிறீர்கள் என்றால் தெரிந்து வாங்க வேண்டும். கையால் முடிந்த புள்ளிகளில் இரண்டு ஒன்றுபோல இருக்காது. சிலவற்றின் நடுவில் குண்டூசித் தலை அளவுக்குச் சாயம் ஒட்டியிருக்கும். துணியின் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே நிறம். பிரிண்டில் எல்லாப் புள்ளியும் அச்சு அசலாக ஒன்று, திருப்பினால் பின்பக்கம் வெளுப்பு.

இப்போது டிசைனுக்கு வருகிறேன். பிள்ளைகள் செய்யும் பெரிய தவறு, முழுச் சேலையை வாங்கி வெட்டுவது. ஒருத்தி நாள் கணக்கில் முடிந்த புள்ளிகள் தையலுக்குள்ளும் குப்பைக் கூடையிலும் போய்விடும். அதற்குப் பதில், முதலில் வெளுக்காத முரட்டுப் பருத்தியான காடா துணியில் பேட்டர்னை, அதாவது வெட்ட வேண்டிய துண்டுகளின் அளவு வடிவத்தை, முடித்துவிடுங்கள். பிறகு வெள்ளைத் துணியில் அந்தப் பேட்டர்ன் துண்டுகளை வரைந்து, முன்பக்கம், பின்பக்கம், கை என்று குறித்து, புள்ளி எங்கே வர வேண்டும் என்பதையும் நீங்களே வைத்து, வெட்டாமல் அப்படியே முடிச்சுப் போட அனுப்புங்கள். கோடுகள் சாயத்தில் அழிந்துவிடாமல் இருக்க ஓரங்களை நீளத் தையலில் ஓட்டிவிடுங்கள். சாயம் ஏறி வந்த பிறகு வெட்டுங்கள். தோளில் அடர்த்தியாகத் தொடங்கி இடுப்பில் கரைந்து போகும் புள்ளிகளை, சேலையை வெட்டித் தைத்தால் கொண்டுவரவே முடியாது.

இரண்டு நிறம் வேண்டுமானால் வெளிர் நிறத்தில் முதல் முக்கு, மறுபடி முடிச்சு, பிறகு அடர் நிறம். மாற்றிச் செய்ய வழியில்லை.

முடிச்சை அவிழ்த்ததும் துணி குட்டிக் குட்டி முட்டாக நிற்கும், பார்க்கவே ஆசையாக இருக்கும். அதை அப்படியே உடையில் வைத்துக்கொள்ளலாம் என்று பலர் நினைக்கிறார்கள். பருத்தியில் நிற்காது, முதல் துவைப்பிலோ இஸ்திரியிலோ போய்விடும். அந்த முட்டு நிலைக்க வேண்டுமென்றால் பாலியஸ்டரில் முடிந்து ஆவியில் வேகவைக்க வேண்டும். அது சுங்குடி ஆகாது. வேறொரு பெயரில் சொல்லுங்கள்.

முடிச்சுப் போடுகிறவர்களிடமும் நெசவாளர்களிடமும் எப்படிப் பேசுவது? கல்லூரி ப்ராஜெக்ட் என்றால் குறைத்துக் கொடுப்பார்களா?

குறைத்துக் கேட்காதீர்கள். ஏசி ஹாலில் நடக்கும் ஷோவுக்கு மேக்கப்புக்குக் கொடுக்கும் பணத்தைப் பற்றி யாரும் பேரம் பேசுவதில்லை. கண்ணாடி போட்டுக்கொண்டு குனிந்து முடிச்சுப் போடும் அம்மாவிடம் மட்டும் ஏன்?

முதல் முறை போகும்போது ஸ்கெட்ச் புத்தகத்தை நீட்டாதீர்கள். அவர் வேலையைப் பாருங்கள், எப்படிச் செய்கிறார் என்று கேளுங்கள், ஒரு கைக்குட்டை அளவுக்கு மாதிரி செய்யச் சொல்லி அதற்கும் காசு கொடுங்கள். மாதிரி பிடித்தால் முன்பணம் கொடுத்து, தேதியைச் சொல்லி, வீட்டு விசேஷம், உடம்புக்கு முடியாமல் போவது என்று பதினைந்து நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். படம் எடுக்கும் முன் கேளுங்கள். போர்ட்ஃபோலியோவில் அவர் சம்மதத்தோடு அவர் பெயரைப் போடுங்கள். ஷோவுக்கு அழையுங்கள், ஆட்டோவுக்கும் நீங்களே ஏற்பாடு செய்யுங்கள். தான் முடிச்சுப் போட்ட துணியை ஒரு பெண் விளக்கொளியில் உடுத்தி நடந்து வருவதை அவர்களில் பலர் பார்த்ததே இல்லை.

துணி எங்கே வாங்குவது?

விளக்குத்தூணைச் சுற்றிய ஜவுளித் தெருக்களில் தொடங்குங்கள். லைனிங், காடா, கேன்வாஸ், மலிவான காட்டன் எல்லாம் அங்கேயே முடிந்துவிடும். மணி, லேஸ், பட்டன் வகைக்கு ஏழுகடல் தெரு. கைத்தறி வேண்டுமானால் திண்டுக்கல் போகும் வழியில் சின்னாளபட்டி, இந்தப் பக்கம் அருப்புக்கோட்டை, பரமக்குடி. கண்டாங்கிக் கட்டம் பிடித்தால் காரைக்குடி வரை ஒரு நாள் போய்வாருங்கள், நஷ்டமில்லை. பனியன் துணிக்குத் திருப்பூர். ஈரோட்டு ஜவுளிச் சந்தைக்குப் போவதாக இருந்தால் திங்கள் இரவே போய்விட வேண்டும்.

முதல் நாள் எதையும் வாங்காமல் துண்டு மாதிரிகளை மட்டும் வாங்கி வாருங்கள். வாங்கும்போது ஒரே ரோலில் மொத்தமாக வாங்குங்கள். பத்து நாள் கழித்துப் போனால் அதே எண், அதே பெயர், ஆனால் நிறம் ஒரு சாயை மாறியிருக்கும். கணக்குப் போட்டதற்கு மேல் ஆறில் ஒரு பங்கு கூடுதலாக எடுங்கள். கைத்தறிப் பருத்தி சுருங்கும், வெட்டும் முன் நனைத்துக் காயப்போட்டே ஆக வேண்டும்.

சாயம் போகுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

என் கடைசி வருடத்தில் வெள்ளைக் கோரா காட்டனில் அரக்கு நிறச் சுங்குடியில் யோக் (தோள்பக்கத் துண்டு) வைத்து ஒரு நீள உடை தைத்தேன். சாயம் போட்டுக் கொடுத்தவர் "போகவே போகாது" என்றார், நம்பினேன். ஷோவுக்கு இரண்டு நாள் முன்னால், சாக்பீஸ் கறை போகட்டும் என்று நனைத்தேன். வெள்ளை முழுவதும் ரோஜா நிறமானது. ஆறில் அதுதான் முக்கியமான உடை. இரவெல்லாம் அழுதுவிட்டு ஐந்து உடைகளோடு போனேன். அதனால் இதை மட்டும் யார் வந்தாலும் இரண்டு முறை சொல்கிறேன்.

வெள்ளைத் துணியை நனைத்துப் பிழிந்து, சாயத் துணியில் இருபது முறை அழுத்தித் தேயுங்கள். பிறகு ஒரு துண்டை சோப்புத் தண்ணீரில், வெள்ளைத் துண்டோடு சேர்த்து, அரை மணி நேரம் ஊறவையுங்கள். வெள்ளை வெள்ளையாகவே இருந்தால் வெட்டுங்கள்.

கல்லுப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று வீட்டில் சொல்வார்கள். பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயத்தில் உப்பின் வேலை, சாயம் போடும்போது நிறத்தைத் தண்ணீரிலிருந்து நூலுக்குத் தள்ளுவது. அதை நூலோடு பிணைப்பது சலவைச் சோடா. சாயம் போட்டு முடித்த துணியை உப்பில் ஊறவைப்பதால் பெரிய பலன் இல்லை. பிணையாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் மிச்சச் சாயத்தைக் கொதிக்கும் சோப்புத் தண்ணீரில் அலசி வெளியேற்ற வேண்டும், தண்ணீர் தெளியும் வரை. அவசரத்தில் தவிர்க்கப்படுவது இந்த அலசல்தான். நீங்களே சாயம் போடுகிறீர்கள் என்றால் போர்த் தண்ணீரில் போடாதீர்கள். நம் பக்கத்துக் கடினத் தண்ணீரில் நிறம் மங்கித் திட்டுத் திட்டாக வரும்.

காடா துணியில் தைத்துப் பார்ப்பது கட்டாயமா?

கட்டாயம். ஒன்று மட்டும் கவனியுங்கள்: காடா விறைப்பானது. கடைசித் துணி ரேயானாகவோ மென்பட்டாகவோ இருந்தால் காடாவில் அழகாக நின்ற கழுத்து அதில் தொங்கிப் போகும். அப்போது அதே கனத்தில் மலிவான துணியில் தைத்துப் பாருங்கள், வீட்டில் கிழிந்த ரேயான் நைட்டி இருந்தால்கூட உதவும். பாவாடை வகைகளைத் தைத்து ஒரு இரவு தொங்கவிட்டுவிட்டு மறுநாள் கீழ்ஓரத்தை அளந்து மடியுங்கள். குறுக்கு வெட்டில் துணி இறங்கும்.

டெய்லரிடம் கொடுத்துத் தைக்கலாமா?

உங்கள் கல்லூரி அனுமதித்தால் நேர்த்தையலைக் கொடுக்கலாம். பேட்டர்னும் வெட்டும் உங்கள் கையாக இருக்கட்டும். வெட்டத் தெரியாமல் ஒரு டிசைனை உங்களுடையது என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆரி வேலை, கனமான எம்பிராய்டரி போன்றவற்றுக்குத் தேர்ந்த கை வேண்டும், அதைக் கொடுங்கள், கொடுத்தேன் என்று சொல்லவும் செய்யுங்கள்.

எப்போது கொடுப்பது என்பதுதான் முக்கியம். தீபாவளிக்கு முன் எந்த டெய்லரும் உங்களைத் திரும்பிப் பார்க்க மாட்டார். தை பிறந்தால் முகூர்த்தம் தொடங்கிவிடும், ஆரி போடுகிறவர்கள் கல்யாண ஜாக்கெட்டில் மூழ்கிவிடுவார்கள். ஷோ பங்குனி, சித்திரையில் என்றால் உங்களுக்கான மாதம் மார்கழி. முகூர்த்தம் கிடையாது, கைகள் ஓய்வாக இருக்கும், நிதானமாகச் செய்து தருவார்கள். மார்கழிக்குள் பேட்டர்ன் முடிய வேண்டும் என்று பின்னாலிருந்து கணக்குப் போடுங்கள்.

திருவிழா உடை, சாமி உடை வெட்டுவதைக் கற்க ஆசைப்பட்டால் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போங்கள். மீனாட்சி அம்மன் கோவிலுக்கு எதிரே இருக்கும் புதுமண்டபத் தூண்களுக்கிடையே காலங்காலமாக உட்கார்ந்து தைத்தவர்கள் அங்கேதான் மாறிப் போனார்கள். அளவு நாடா இல்லாமலே உங்களைப் பார்த்து அளவு சொல்லும் பெரியவர்கள் இருக்கிறார்கள்.

எவ்வளவு செலவாகும்?

ஒரு உடைக்குச் சராசரியாக 4 மீட்டர் முதன்மைத் துணி, 2 மீட்டர் லைனிங் என்று வையுங்கள். ஆறு உடைக்கு 24, 12. ட்ரையலுக்குக் காடா 20 மீட்டர். இதோடு சாயக் கூலி, கைவேலைக் கூலி, பட்டன் ஜிப், போக்குவரத்து, புகைப்படம். எழுதிக் கூட்டிய தொகையில் கால் பங்கை எதிர்பாராத செலவுக்கென்று ஒதுக்குங்கள். பணம் இறுக்கமாக இருந்தால் விலை குறைந்த காட்டனை எடுத்து வெட்டில் உழைப்பைப் போடுங்கள். மலிவான சாட்டினும் கல் பதித்த லேஸும் விளக்கு வெளிச்சத்தில் தங்கள் விலையைத் தாங்களே சொல்லிவிடும், சாதாரணக் காடா சொல்லாது. காடாவிலேயே முழுக் கலெக்‌ஷன் செய்து நெஞ்சை அள்ளிய ஒரு பெண்ணை எனக்குத் தெரியும்.

நிறத்தை எப்படி முடிவு செய்வது?

கடை டியூப்லைட்டில் பார்த்ததை வைத்து முடிவு செய்யாதீர்கள். வாசலுக்கு எடுத்துப் போய் வெயிலில் பாருங்கள், அப்புறம் ஷோ நடக்கும் அரங்கில் விளக்குப் போட்டுப் பாருங்கள். மஞ்சள் விளக்கில் நீலம் செத்துப்போகும். துணியை வெள்ளைத் தாள் மேல் வைத்துப் பார்ப்பதும் போதாது, நம் தோல் மேல் வையுங்கள். மாநிறத்திலும் கறுப்பிலும் அடர்மஞ்சள், கிளிப்பச்சை, செங்கல் நிறமெல்லாம் எப்படி எரிகிறது பாருங்கள்! அழகர் பச்சைப் பட்டு உடுத்தி ஆற்றில் இறங்கினால் அந்த வருடம் செழிப்பு என்று நம்புகிற ஊர் இது. நிறத்துக்கு அர்த்தம் இருக்கிறது என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. வெளிநாட்டுப் பட்டியலில் இந்த வருட நிறம் என்று சொல்வதை எடுப்பதானால் முதலில் உங்கள் கையில் சுற்றிப் பாருங்கள்.

ஜூரியில் என்ன கேட்பார்கள்?

இதை யார் உடுத்துவார்கள், எங்கே உடுத்துவார்கள், என்ன விலை, ஏன் இந்த இடத்தில் தையல், எப்படித் துவைப்பது. "எல்லோரும் உடுத்தலாம்" என்று சொன்னால் யாருக்கும் தைக்கவில்லை என்று எடுத்துக்கொள்வார்கள். தெரிந்த ஒரு ஆளை மனதில் வைத்துச் சொல்லுங்கள்: பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கும், தினம் இரண்டு பஸ் மாறும் உங்கள் சித்தியாகக்கூட இருக்கலாம். தோற்றுப்போன சாய மாதிரிகளையும் ட்ரையல் உடைகளையும் தூக்கிப்போடாமல் கொண்டுபோங்கள். வழவழப்பான படங்களைவிட அவற்றைத்தான் கையில் எடுத்துப் பார்ப்பார்கள்.

வீட்டில் "இதையெல்லாம் யார் போடுவா?" என்கிறார்கள்.

அம்மாவுக்கு ஒன்றை மாட்டிவிடுங்கள். முழு உடை வேண்டாம், மேல் ஜாக்கெட் மட்டும் போதும். கண்ணாடி முன் நிறுத்திவிட்டு நீங்கள் அடுப்படிக்குப் போய்விடுங்கள். அவர் கை எங்கே இழுத்துவிடுகிறது, எங்கே தடவிப் பார்க்கிறது என்று கதவோரம் நின்று கவனியுங்கள். இழுத்துவிட்ட இடத்தில் வெட்டு தவறியிருக்கிறது.

ஷோ அன்றைக்கு என்னென்ன கையில் இருக்க வேண்டும்?

ஊக்கு, நூல் கோத்த ஊசி கறுப்பிலும் வெள்ளையிலும் பத்துப் பத்து, இரட்டைப் பக்க டேப், சின்னக் கத்தரி, இஸ்திரி, லிப்ஸ்டிக் படாமல் தலை வழியாக மாட்ட ஒரு பழைய துப்பட்டா. ஒவ்வொரு உடையையும் அதன் செருப்பு, நகையோடு ஒரே கவரில் போட்டு, மாடல் பெயரும் வரிசை எண்ணும் எழுதித் தொங்கவிடுங்கள். மாடலுக்கு மல்லிகைப்பூ வைப்பதானால் பூக்காரம்மா தெளித்த தண்ணீரை நன்றாக உதறி, ஈரம் போன பிறகு வையுங்கள். முதுகில் சொட்டினால் பட்டில் வட்டக் கறை விழும், அரங்கின் கடைசி வரிசை வரை தெரியும்.